மஞ்சள் மண்டியில் வெளியான படம்

பிறர் பேச்சைச் செவிமடுப்பது என் வழக்கமன்று. எனினும், நாமகிரிப்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் பேருந்தில், முன்னிருக்கையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த இளம்பெண் தன் கணவரிடம் கூறியது என் காதில் விழுந்தது.

"ஏனுங்க, போன வருசம் மஞ்ச மண்டியில வேட்டியத் திரையாக் கட்டி நான் எடுத்த படத்தப் போட்டுக் காட்டுனீங்கல்ல, அதுதான் உலக ரிலீசாமுங்க."

"அந்த வேட்டியா?"

"நான் படத்த அனுப்ப நெனச்சது சயின்ஸ் பிக்சன் ரசிகருங்களே ஓட்டுப் போட்டுக் குடுக்கற விருதுங்க. சனங்க மொதல்ல பாத்த வருசந்தான் கணக்காம். நம்ம வருசம் முடிஞ்சு போச்சு."

"அவசரப்பட்டுக் கெடுத்துப் போட்டனா புள்ள?"

"முழுசாக் கேளுங்க. கொஞ்சம் பேரே பாத்த படமுன்னா, ரசிகருங்க கூடி இன்னொரு வருசம் தரலாமாம். எழுதிக் கேட்டிருந்தேன். எங்கியோ கடலுக்கு அந்தப்பக்கம் ஒரு மண்டபத்துல நமக்கு இன்னொரு வருசம் குடுக்கலாமுன்னு கை தூக்கியிருக்காங்க."

"படம் அவ்வளவு புடிச்சிருச்சா?"

"அவங்க யாரும் இன்னும் பாக்கவே இல்லைங்க. அதுக்காகத்தான் தூக்கியிருக்காங்க."

பேருந்து ராசிபுரம் கடந்ததும் கணவர் அவள் பக்கம் திரும்பினார்.

"அந்த வேட்டிய இனி நான் கட்ட மாட்டேன். மடிச்சு பீரோவுல வெச்சிரு."