நாலு லிட்டர் டீசல்

சங்கு ஊதிக்கொண்டே இருக்கிறது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி. விமானம் வருகிறது என்று அர்த்தம். 1971 டிசம்பர். மாலை நாலு பத்து. கரண்டை நிறுத்திவிட்டார்கள். ஓடுகிறேன். கையில் ஜெனரேட்டர் ஷெட் சாவி.

தூத்துக்குடியில் கடலோரத்து ஆஸ்பத்திரி. நான் மெக்கானிக். என்னோடு வேலை பார்ப்பவன் மோயீசன். உள்ளே ஆபரேஷன் மேசையில் கிடப்பவள் அவன் மனைவி செலின். தலைச்சன் பிள்ளை, குறுக்கே கிடக்கிறது. ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தோம். விளக்கு அணைந்தால் டாக்டருக்குத் தன் கையே தெரியாது.

பெரிய டீசல் மெஷினைக் கிளப்பினோம். முழு லோடு கொடுத்தால் ஒரு லிட்டருக்கு அதைப்போல் கரண்ட் தருவது வேறில்லை. ஒற்றை விளக்குக்கு ஓட்டினால் வீணாகக் குடிக்கும், கரியாகக் கக்கும். கக்கியது. விமானத் தாக்குதல் எச்சரிக்கைக்காகத் தெருவில் காவல் நின்ற வார்டன் கத்தினார்.

“ஏலே, பொகைய நிப்பாட்டுங்கலே! மேல இருந்து தெரியும்லே!”

வெந்நீர் ஹீட்டரையும் தண்ணீர் மோட்டாரையும் போட்டு லோடு ஏற்றியிருந்தால் புகை வெளுத்திருக்கும். எனக்குத் தெரியும். ஆனால் பீப்பாயில் கால்வாசி டீசல்தான். அடுத்தது எப்போது வருமோ. மனசு வரவில்லை. கஞ்சப் பயல் நான். சின்னப் பெட்ரோல் மெஷின் மணிக்கு ஒன்றரை லிட்டரில் வேலையை முடித்துவிடும். அதை எப்போதும் முற்றத்தில் வைத்துத்தான் ஓட்டுவோம். அன்று சங்கு ஊதியபின் ஆள் வெளியே நிற்கக் கூடாது. டீசல் மெஷினை நிறுத்திவிட்டு, சின்னதை ஷெட்டுக்குள் இழுத்தோம்.

“கதவ அடைங்கலே! குண்டு விழும்லே!” தெருவிலிருந்து வார்டன்.

அடைத்தேன். ஜன்னல் இல்லாத ஷெட். டப டப டப. அது ஒன்றுதான் சத்தம். வேகக் கம்பி தானாக நிற்காது, ஆள் பிடிக்க வேண்டும். மோயீசன் விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டான். எனக்குத் தலை விண்விண் என்றது. குமட்டியது. பயம் என்று நினைத்தேன். கதவைக் கொஞ்சம் திறப்போமா என்றேன்.

“வேண்டாம் அண்ணாச்சி. வார்டன் வந்து மெஷின நிப்பாட்டச் சொல்லுவாரு. வெளிச்சம் போனா செலினும் போயிருவா. நீங்க உக்காருங்க, நான் பிடிச்சுக்கிடுதேன்.”

உட்கார்ந்தேன். சரிந்தேன். கதவின் அடி இடுக்கில் முகம். அதற்கு மேல் நினைவில்லை.

நாலு ஐம்பத்தைந்து. அபாயம் நீங்கிய சங்கு, ஒரே நீட்டு. வார்டன் கதவை உதைத்துத் திறந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் மோயீசன் கவிழ்ந்து கிடந்தான். விரலிலிருந்து கம்பியைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. செலின் பிழைத்தாள். பெண் குழந்தை.

அன்று தூத்துக்குடி மேலே ஒரு விமானமும் வரவில்லை. குண்டு ஒன்றும் விழவில்லை. செலவான பெட்ரோல் ஒரு லிட்டர். நான் மிச்சம் பிடித்த டீசல் நாலு லிட்டர். செத்தவன் ஒருவன், வயது முப்பது. சண்டையில் செத்தவர்கள் பட்டியல் எதிலும் அவன் இல்லை. மெஷின் புகையில் மூச்சு முட்டிச் செத்தான் என்று எழுதினார்கள். கதவை அடைத்தவன் நான் என்று யாரும் எழுதவில்லை.