நாலாவது தடவை விழுந்தது

அட, எந்திரிக்காதீங்க, ஒக்காருங்க. ஃபிசியோ ரூமுக்குள்ள அந்தப் பொண்ணு கூப்பிட இன்னும் அரை மணி நேரம் ஆகும். கையில தமிழ் பேப்பரப் பாத்ததுமே நம்மாளுன்னு தெரிஞ்சுபோச்சு. எம்பேரு குழந்தைசாமிங்க. ஊரு ஈரோட்டுப் பக்கம். இங்க டெல்லியில ஆர்.கே.புரம் கவர்மெண்ட் குவார்ட்டர்ஸ். இருபத்தெட்டு வருசமா ஃபைல் தள்றேன்.

நெத்தியில என்னங்க கட்டு? அலமாரிக் கதவு இடிச்சுருச்சா? அச்சா, அச்சா. சிரிக்கலீங்க. மொதல் தடவை விழுந்தப்ப நானும், பஸ்ஸுல எவனோ தள்ளிட்டான்னுதான் எம்பட சம்சாரம் செல்விகிட்டச் சொன்னேன். ஒருத்தனும் தள்ளலீங்க. பஸ்ஸ விட்டு எறங்கித் திரும்புனேன், தரை ஒரு பக்கமாச் சாஞ்சாப்பல இருந்துச்சு. பாத்தா கீழ கெடக்கறேன்.

எனக்கு நுரையீரல் கோளாறுங்க. பத்து வருசமாச்சு. சிகரெட்டு பாதி, இந்த ஊருப் பொகை பாதி. டெல்லி பஸ்ஸெல்லாம் சி.என்.ஜி. ஆகறதுக்குள்ள நான் டீசலாயிட்டேன். உங்களுக்கும் அதேதானா? பாத்தீங்களா! இன்ஹேலர் சட்டைப் பையிலயா? எனக்கும் அங்கதான்.

ரெண்டாவது தடவை பாத்ரூம். சோப்பு வழுக்குச்சுன்னேன். மூணாவது ஆபீஸ்ல, சேர்ல இருந்து எந்திரிக்கறப்ப. அத வீட்ல சொல்லவே இல்லை. பக்கத்து சீட்டு வைத்தி, மத்தியானமே ஊத்திக்கிட்டயான்னு கேட்டான்.

டாக்டர்கிட்டயா? அவரு மூச்சப் பத்திக் கேட்டாரு, நான் மூச்சப் பத்திச் சொன்னேன். காலு வேற செக்‌ஷன்னு நெனச்சுட்டேங்க. கவர்மெண்ட் புத்தி!

உள்ள இருக்குதே பஞ்சாபிப் பொண்ணு, ஃபிசியோ, அதுதான் புரிய வெச்சுது. மூச்சு வாங்குதேன்னு நடக்கறதக் கொறைச்சுடறோம், காலுச் சதை கரைஞ்சு போயிருது. நம்மள நிமுத்தி வெக்கற வயித்துச் சதை, முதுகுச் சதையெல்லாம் மூச்சு இழுக்கற வேலைக்கும் ஓடணுமாம். ஒத்த ஆளு ரெண்டு சீட்டு வேலை பாத்தா தடுமாறாம என்ன பண்ணும், சொல்லுங்க?

பயப்படறதுக்கு ஒண்ணுமில்லீங்க. செவுத்தோரமா ஒத்தக் கால்ல நிக்கச் சொல்லும். சேர்ல ஒக்காந்து ஒக்காந்து எந்திரிக்கணும். ஒரு கோடு போட்டு அது மேல அடி மேல அடி வெச்சு நடக்கணும். அங்கிள்ஜி, ஏக் பார் ஔர், இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னு உசுர வாங்கிப்போடும். மொத நாளு மூணு செகண்டு நின்னேன். இப்ப இருபது! பாக்கறீங்களா? இருங்க, இப்பிடிச் செவுத்துக்கிட்ட வந்துக்கறேன்... ஒண்ணு, ரெண்டு, மூணு... சரி போதும், வாட்ச்மேன் மொறைக்கறான்.

இல்லீங்க, இன்னிக்கு எனக்கில்லை. எனக்குப் போன வாரமே முடிஞ்சுது. வீட்ல தெனமும் பண்ணிக்கறேன். உள்ள செல்வி இருக்கறா. அட, அவளுக்கு மூச்செல்லாம் பேஷா இருக்குது. கைக்குத்தானுங்க வர்றா. மூணு மாசமா சப்பாத்தி நான்தான் தேய்க்கறேன். இதக் கடிக்கறதுக்கும் ஒரு ஃபிசியோ வேணும்னு சிரிக்கறா.

அது எப்பிடின்னா... மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்ட்டுப் படியில எறங்கிட்டிருந்தோம். அவ எனக்கு ரெண்டு படி கீழ. அங்கதான் நாலாவது தடவை விழுந்தேன். சத்தங் கேட்டுத் திரும்புனவ, ரெண்டு கையையும் நீட்டிட்டாங்க. நான் எழுபத்தெட்டு கிலோ. எனக்கு ஒரு கீறல் இல்லை. அவளுக்கு வலது மணிக்கட்டு ரெண்டு எடத்துல ஒடைஞ்சுபோச்சு.

ஆட்டோவுல போறப்ப அந்தக் கைய மடியில வெச்சுக்கிட்டு என்னயக் கேக்கறா, உங்களுக்கு எங்கியும் அடிபடலையேன்னு.

அன்னிக்குத்தானுங்க, மத்த மூணு தடவையும் நெசமா எப்பிடி விழுந்தேன்னு அவகிட்டச் சொன்னேன்.