பிங்க்னியின் கழுத்து

கழுத்தை ஸ்கேன் எடுக்கும்போது எச்சில் விழுங்கக் கூடாது. இருபத்திரண்டு வருஷமாக, மேஜையில் வந்து படுக்கிற ஒவ்வொருவரிடமும் இதைத்தான் சொல்லிவருகிறேன். சொன்ன உடனே எல்லோருக்கும் வாயில் எச்சில் ஊறிவிடும். அதற்காக நான் யாரையும் கோபித்துக்கொண்டதில்லை. இன்னொரு தடவை எடுத்துக்கொள்வேன்.

நீங்கள் இந்த விசாரணைக்காகத் தலைநகர் கொலம்பஸிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னீர்கள். அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் தொடங்கி ஜனவரியில் முடிவதுதான் ஃபுட்பால் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். எங்கள் ஊரான கால்டர் போர்ட்டில் கடைசி ஆட்டம் முடிந்த மறுநாள்தான் வேலையே ஆரம்பிக்கிறது. அணியில் யாரை வைத்துக்கொள்கிறார்கள், யாரைக் கழற்றிவிடுகிறார்கள், யாருக்கு முழங்காலில் ஆபரேஷன் என்று, ஏரி உறைந்து கிடக்கிற மாதங்களில் எங்களுக்கு வேறு பேச்சு கிடையாது. வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிடப் போனால் எல்லா மேஜையிலும் இதே கதைதான். எங்கள் அணி ஹெரான்ஸ். நாரைப் படம் போட்ட தொப்பி இல்லாத தலையை எங்கள் ஊரில் தேடித்தான் பிடிக்க வேண்டும். பதினோரு வருஷம் விடாமல் தோற்ற அணி என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

மார்செலஸ் பிங்க்னி வந்த பிறகுதான் நாங்கள் தலைநிமிர்ந்து நடந்தோம். ஐம்பத்திரண்டாம் நம்பர் சட்டை. பந்தை அணைத்துக்கொண்டு ஓடிவருகிறவனை முட்டிச் சாய்ப்பது அவன் வேலை. மற்ற ஆட்டக்காரர்கள் ஜனவரி பிறந்ததும் வெயிலைத் தேடி ஃப்ளோரிடாவுக்கு ஓடிவிடுவார்கள். இவன் குவாரி ரோட்டில் வீடு வாங்கி, ஆறு பனிக்காலம் எங்களோடு கிடந்தான். தன் வாசலில் பனி தள்ளி முடித்ததும் பக்கத்து வீட்டு வாசலையும் தள்ளிக்கொடுப்பான். ஒரு முறை மீன் வரிசையில் எனக்கு முன்னால் நின்றான். திரும்பிப் பார்த்து, "தீர்ந்துடுமோ?" என்று கேட்டான். "உனக்குத் தீராதுப்பா" என்றேன். சிரித்தான். எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். எனக்கு மனைவி மக்கள் கிடையாது. அவன்மேல் எனக்கு உயிர். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

போன மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, அவனைத் தெற்கே டூசான் அணிக்குக் கொடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. பதிலுக்கு, கல்லூரியிலிருந்து வரும் பையன்களில் இரண்டு பேரை முன்கூட்டித் தேர்ந்தெடுக்கும் உரிமை. நான் வேலை முடிந்து காரில் உட்கார்ந்து ரேடியோவைப் போட்டேன். பிக் வால்ட் நடத்தும் நிகழ்ச்சி, ஊரே போன் செய்யும்.

"யோவ் வால்ட், நான் அழுதுக்கிட்டே லாரி ஓட்டிட்டிருக்கேன்யா. என் கல்யாணத்துக்குக்கூட நான் இப்படி அழல."

"உன் கல்யாணத்துல உன் பொண்டாட்டிதான் அழுதிருப்பா. அடுத்தது யாரு?"

"ரெண்டு பையன் வரானாமே, ரெண்டு பையன்! நம்மாளுங்க பையன் பொறுக்குற லட்சணம் தெரியாதா? அஞ்சு வருஷம் முன்னாடி பொறுக்குனவன் இப்போ என் மச்சினனுக்கு சோபா வித்துக்கிட்டிருக்கான்."

"சோபா நல்லா இருக்கா?"

"அதுல உக்காந்தாலும் முதுகு வலிக்குதுய்யா."

நான் சிரிக்கவில்லை. மறுநாள் நானும் போன் செய்தேன். அந்த ஒலிப்பதிவு உங்களிடம் இருக்கும். என் பெயர் மெர்ல் என்று சொல்லி, "இன்னும் டாக்டர் பாக்கலையே வால்ட்" என்றேன். ஏனென்றால் எங்கள் ஆட்டத்தில் ஒருவனைக் கைமாற்றுவது பேச்சளவில் முடிந்துவிடாது. வாங்குகிற அணியின் டாக்டர் உடம்பைப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் செல்லும். குதிரை வாங்குகிறவன் பல்லைப் பார்ப்பதுபோலத்தான். வால்ட் சிரித்துவிட்டு, "அவன் உடம்புக்கு என்னப்பா கேடு, மலை மாதிரி இருக்கான்" என்றான். நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அப்போது என் மனதில் எந்தத் திட்டமும் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை, குறித்துக்கொண்டால் போதும்.

பிங்க்னி நவம்பரில் ஒருவனை முட்டியபோது கை கொஞ்ச நேரம் மரத்துப்போனது. அதனால் டூசான் டாக்டர் கழுத்துக்குப் புதிதாக ஒரு ஸ்கேன் கேட்டிருந்தார். பிங்க்னி ஊரில் இருந்ததால் எங்கள் ஸ்கேன் மையத்துக்கு அனுப்பினார்கள். வியாழக்கிழமை பதினொரு மணி. அன்றைக்குக் காலை எட்டு மணிக்கு வந்தவர்தான் கர்ட் பெலாஸ்கி.

கர்ட் கூரை வேலை செய்கிறவர். வயது முப்பத்தொன்று, ஆறடிக்கு மேல் உயரம், பள்ளி நாளில் ஃபுட்பால் ஆடித் தடித்த கழுத்து. இரண்டு கையும் மரத்துப்போய் ஆணி நழுவுகிறது என்று வந்திருந்தார். மனைவி டோரீன்தான் பிடித்துத் தள்ளி அனுப்பியிருந்தாள். தொப்பியைக் கழற்றச் சொன்னால் மாட்டேன் என்றார்.

"நாரைய கழட்டுனா துரதிர்ஷ்டம் மெர்ல். இந்த வாரம் பட்டது போதாதா?"

"நெஞ்சுமேல வெச்சுக்குங்க. படத்துல விழாது."

"பிங்க் போயிட்டா செப்டம்பர்ல நான் என்னத்தப் பாக்குறது, நீங்களே சொல்லுங்க. அவன இங்கயே நிறுத்தி வெக்கறதுக்கு என்ன வேணாலும் குடுப்பேன்."

"எச்சில் முழுங்காதீங்க" என்றேன்.

அவர் ஒருவர்தான் விழுங்காமல் இருந்தார். அருமையான படம் கிடைத்தது. படத்தைப் படித்துச் சொல்வது டாக்டரின் வேலை, என் வேலை அல்ல. ஆனால் இருபத்திரண்டு வருஷம் பார்த்த கண்ணுக்குத் தெரியாமல் போகுமா? தண்டுவடம் இறங்குகிற வழி ஓரிடத்தில் மிகவும் ஒடுங்கிப்போயிருந்தது. அப்படிப்பட்ட கழுத்தோடு ஒருவர் ஏணியில் ஏறக் கூடாது, ஆட்டத்தில் முட்டக் கூடாது. உடனே ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும்.

பதினொரு மணிக்குப் பிங்க்னி வந்தான். என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அதனால் எனக்கு வருத்தமும் இல்லை. ஸ்கேன் முடிந்து, சட்டையை மாட்டும்போது, "அங்க ரொம்ப வெயிலா இருக்குமோ?" என்று பொதுவாகக் கேட்டான். போக அவனுக்கு இஷ்டமில்லை என்று எனக்குப் புரிந்தது. அவன் கழுத்து பழுதே இல்லாத கழுத்து. இரண்டு படங்களும் கணினியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இதன் பெயரை அதற்கும் அதன் பெயரை இதற்கும் போட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். வான்கோழி சாண்ட்விச் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் செய்தி வந்துவிட்டது. உடல் பரிசோதனையில் பிங்க்னி தேறவில்லை, கைமாற்றம் ரத்து. ஏரிக்கரைச் சாலை முழுக்க ஹாரன் சத்தம். மீன் வறுவல் கடையில் முன்பின் தெரியாதவர்கள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அவனுடைய ஏஜென்ட் சும்மா இருக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். ஏப்ரல் மாதம் வேறு ஊருக்குக் கூட்டிப்போய் இன்னொரு ஸ்கேன் எடுத்தான். கழுத்து சுத்தமாக இருந்தது. அதற்குள் டூசான்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள். ஹெரான்ஸ் அவனை மூன்று வருஷத்துக்கு வைத்துக்கொள்ளப் பேச்சு நடத்தியது. எனக்கு வேண்டியிருந்தது அந்த மூன்று வாரத் தாமதம் மட்டும்தான். அவனுக்கு எந்தக் கெடுதலும் வராமல் பார்த்துக்கொண்டேன்.

முதல் ஸ்கேன் ஏன் தப்பானது என்று எங்கள் மையத்தில் விசாரித்தார்கள். "எச்சில் முழுங்கியிருப்பாரு, படம் கலங்கியிருக்கும்" என்றேன். ஒப்புக்கொண்டார்கள். அப்படியானால் அந்த ஒடுங்கிய கழுத்து யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள். கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

கர்ட்டிடம் டாக்டர், கழுத்தில் ஒன்றுமில்லை, மணிக்கட்டுக்குப் பட்டி கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மே மாதம் அவரைப் பார்த்தேன். தீயணைப்பு நிலையத்துக் கூரையில் நின்றுகொண்டிருந்தார். காரை நிறுத்தி இறங்கினேன்.

"கை எப்படி இருக்கு கர்ட்?"

"மரத்துத்தான் போவுது. படத்துலதான் ஒண்ணும் இல்லன்னுட்டாங்களே. வயசாவுது, வேற என்ன? அத விடுங்க, பிங்க் இந்த வாரம் கையெழுத்துப் போடுறானாமே!"

"கயிறு கட்டிக்கிட்டு வேல செய்யுங்க" என்றேன்.

"எங்கம்மா மாதிரியே பேசுறீங்க" என்று சுத்தியலை ஆட்டிக் காட்டினார்.

கயிறு கட்டச் சொன்னேன் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கையெழுத்து ஆகட்டும், பிறகு ஏதாவது சாக்கு வைத்து அவரை மறுபடி ஸ்கேனுக்கு வரச்சொல்லலாம் என்று இருந்தேன். கையெழுத்து ஆனது. உடனே கூப்பிட்டால் யாராவது இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பார்ப்பார்கள். ஜூன் போகட்டும் என்றிருந்தேன். ஜூனில் எனக்குப் பத்து நாள் விடுமுறை. ஜூலை கடைசியில் அணி பயிற்சிக்குக் கூடும், அந்தப் பரபரப்பில் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று ஒரு தேதிகூட மனதில் வைத்திருந்தேன். அதற்கு நான்கு நாள் முன்னால் கர்ட் ஏணியிலிருந்து விழுந்தார். ஆறு படி உயரம்தான். சாதாரணக் கழுத்தாக இருந்தால் எழுந்து துடைத்துக்கொண்டு போயிருப்பார்.

கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. பேச்சு மட்டும் இருக்கிறது, மூச்சுக்குச் சிரமப்பட்டுப் பேசுகிறார். நான் ஞாயிறு தவறாமல் போவேன். கூரை வேலை நண்பர்கள் இரண்டு வாரம் வந்தார்கள், பிறகு நின்றுவிட்டார்கள். டோரீன் என்னிடம், "நீங்க ஒருத்தர்தான் விடாம வரீங்க மெர்ல், உங்க நல்ல மனசு யாருக்கு வரும்" என்று சொல்லி அழுதிருக்கிறாள். சூப்பை நான்தான் ஸ்பூனால் ஊட்டிவிடுவேன். விழுங்குங்கள் என்று பொறுமையாகச் சொல்வேன்.

செப்டம்பரில், ஊர்க்காரர் ஒருவர் இப்படிக் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பிங்க்னியே பார்க்க வந்தான். பத்திரிகைக்காரர்களும் வந்தார்கள். கையெழுத்துப் போட்ட பந்தை கர்ட் நெஞ்சின்மேல் வைத்தான். அது உருண்டுவிடாமல் நான் பிடித்துக்கொண்டேன். கர்ட் அவனைப் பார்த்து, "நீ போவாம இருந்தியே பிங்க், எனக்கு அது போதும்யா" என்றார். பிங்க்னி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். மறுநாள் பேப்பரில் வந்த படத்தில் நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். அதை வெட்டி வைத்திருக்கிறேன்.

கண்டுபிடித்தது உங்கள் ஆட்களில்லை, டோரீன். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கப் பழைய ஸ்கேன் படத்தை வாங்கிப் பார்த்திருக்கிறாள். கழுத்தோடு தோளின் ஓரமும் விழுந்திருந்தது. இடது காலர் எலும்பு உடைந்து சேர்ந்த இடத்தில் ஒரு முண்டு. கர்ட்டுக்கு எந்தக் காலத்திலும் எலும்பு உடைந்ததில்லை. ஆனால் நாலு வருஷம் முன்னால், பனி கொட்டிய ஒரு டிசம்பர் ஆட்டத்தில், மூன்றாவது பகுதியில் பிங்க்னிக்கு எந்த எலும்பு உடைந்தது என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டாக்டர்கள் எல்லோரும் கழுத்தையே பார்த்தார்கள். நானும் கழுத்தையே பார்த்தேன். அந்த ஆட்டத்தில் நான் மைதானத்தில் இருந்தவன், எப்படி மறந்தேன் என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. உண்மையில் என்னை உறுத்துவது இது ஒன்றுதான்.

நான்தான் மாற்றினேன். தெரிந்தே மாற்றினேன். நாலு மாதம் தெரிந்தே சும்மா இருந்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கே போடுகிறேன். ஆனால் கர்ட்டின் பேச்சையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன் என்று அந்த வாரம் ஊரே சொன்னது. ரேடியோவில் சொன்னார்கள், கடையில் சொன்னார்கள், வெறும் வாய்ப்பேச்சு. அவர் என் மேஜையில் படுத்துக்கொண்டு, நாரைத் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு சொன்னார். சொன்னபடி கொடுத்தவர் அவர் ஒருவர்தான். நான் வாங்கி வைத்தேன், அவ்வளவுதான்.