அடுப்புக்கு மாலை போட்ட குரும்பலூர்

தலைமை ஏற்று, தலைக்கு மேல் ஓடாத மின்விசிறியையும் பொறுத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் எங்கள் மகளிர் குழுத் தலைவி சத்யப்பிரியா அவர்களே, நாற்காலி கிடைத்த நற்பேறு பெற்ற பெரியோர்களே, நாற்காலி கிடைக்காமல் பாயில் பரவியிருக்கும் தாய்மார்களே, பாயும் கிடைக்காமல் என் வீட்டு மதில்மேல் மயிலைப்போல் அமர்ந்திருக்கும் தம்பிமார்களே, உலையில் அரிசியைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஒரு காலை வாசலிலேயே வைத்திருக்கும் தங்கைமார்களே, மீன்சுருட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து முன்வரிசையில் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டிருக்கும் என் கணவரின் அண்ணன் அய்யம்பெருமாள் மாமா அவர்களே, உங்கள் அனைவருக்கும் இந்தப் பெரியம்மாளின் பணிவான வணக்கம்.

நான் அதிகம் படித்தவள் அல்ல. சித்தாள் வேலைக்குப் போனவள். தலையில் செங்கல் சுமந்தவளிடம் நாக்கில் சொல் சுமக்கச் சொல்லியிருக்கிறீர்கள். தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"மைக்க வாய்க்குக் கிட்ட புடிடி" என்கிறாள் பக்கத்து வீட்டு ஆண்டாயி. பிடித்துவிட்டேன் ஆண்டாயி. இனி நீ பேசினாலும் என் குரல்தான் கேட்கும்.

கணவனைப் பறிகொடுத்து ஒரு வருசம் ஆகவில்லை, இவள் இப்படிப் பல்லைக் காட்டுகிறாளே என்று யாராவது நினைக்கலாம். நினையுங்கள். காலையிலிருந்து எனக்கே காரணம் தெரியாமல் சிரிப்பு வருகிறது. சேலையைத் திருப்பிக் கட்டியிருக்கிறேன், அதற்கும் சிரிப்பு வருகிறது.

என் வீட்டுக்காரர் காசிநாதனை உங்களுக்குத் தெரியும். பெரம்பலூர் டவுனில் பேக்கரி மாஸ்டர். ஊருக்கெல்லாம் பன் சுட்டவர். அவருக்கு ஓர் ஆசை. என்ன ஆசை? மாடி வீடா? மோட்டார் காரா? இல்லை. கொல்லையில் சொந்தமாக ஒரு விறகு அடுப்பு. பேக்கரிக்காரர்கள் அதை ‘அவன்’ என்பார்கள். "அவன் மட்டும் வந்துட்டா நமக்குக் கவல இல்ல பெரியம்மா" என்பார். "எவன்?" என்று நான் கேட்பேன். இது எங்கள் வீட்டில் தினமும் நடந்த கூத்து.

கட்டவும் தொடங்கினார். செங்கல்லில் மேடை எழுப்பினார். மேடைமேல் ஈர மணலைக் குவித்துத் தட்டி, கவிழ்த்த சட்டிபோல் உருட்டினார். அந்த மணல்மேல்தான் செங்கல்லைச் சேற்றில் பதித்து வளைத்துக்கொண்டு போக வேண்டும். கூரை மூடிக் காய்ந்ததும், முன்வாய் வழியாக மணலை வாரி எடுத்துவிட வேண்டும். உள்ளே குகை கிடைக்கும். அதுதான் அடுப்பு.

பாதி வளைவு ஏறியது. பாதி மணல் தெரிந்தது. அப்போது மாரடைப்பு வந்தது. மனிதர் போய்விட்டார்.

மாமா அப்போது கேரளத்தில் கட்டட வேலையில் இருந்தார். அடக்கத்துக்கு வந்து சேர முடியவில்லை. மறுநாள் ஆளுயர மாலையோடு வந்து இறங்கினார். வீட்டுக்குள் எங்களைத் தேடினார், கூடத்தில் ஆளில்லை. கொல்லைக்குப் போனார். அங்கே என்ன இருக்கிறது? புது மணல். மேலே புதுச் செங்கல். தம்பியின் சமாதி என்று நினைத்து, மாலையைப் போட்டுவிட்டு விழுந்தார் பாருங்கள், "தம்பி" என்று.

நான் ஓடினேன். சொன்னேன்: "அழுவாதீங்க மாமா. அது அவன்."

"தெரியும்மா, அவந்தான்" என்று இன்னும் பெரிதாக அழுதார்.

"அய்யோ மாமா, அவரு இல்ல, அவன்."

பின்னாலிருந்த ஒருத்தி, "பாவம், துக்கத்துல புருசனையே அவன்ங்கறா, தண்ணி குடுங்கடி" என்றாள்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அன்று என்னால்தான் முடியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் சொல்ல வேண்டுமா? அந்த மாலையைப் பார்த்து வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தது யார்? கற்பூரம் காட்டியது யார்? பரீட்சைக்குப் போகுமுன் பேனாவை மணலில் குத்தி எடுத்தது யார் வீட்டுப் பிள்ளை? அரைகுறை அடுப்பிடம் வரம் கேட்ட ஊர் நம் குரும்பலூர்.

"என் மருமவளுக்கு அதுக்கப்பறந்தான் புள்ள தங்குச்சு" என்கிறாளா ஆண்டாயி? அப்படியென்றால் பிறக்கிற பிள்ளைக்குப் பன் என்று பெயர் வை.

ஊர் சிரிக்கட்டும். ஆனால் எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. அவர் ஆசைப்பட்டது அடுப்புக்கு. கிடைத்தது சமாதி. பாதி வளைவோடு அது நிற்கும்வரை அவர் பாதியிலேயே நிற்பதுபோல் இருந்தது. ஒரு நாள் சேலையை இழுத்துச் செருகினேன். ஆண்டாயியும் நானும் செம்மண் குழைத்தோம். விளக்கை ஓரமாக நகர்த்தினோம். வளைவை மூடி, உமியும் சாணமும் கலந்து மேல்பூச்சும் பூசினோம்.

காய்ந்தது. மணலை எடுக்கும் நாளும் வந்தது. மாமா வந்து முன்வாயை மறித்து உட்கார்ந்துவிட்டார்.

"எடுக்காத பெரியம்மா."

"மாமா, சத்தியமா இது ரொட்டி சுடற அடுப்பு."

"அடுப்புன்னு அன்னைக்கு சாயந்தரமே தெரிஞ்சு போச்சும்மா. மொகத்தக்கூட பாக்கலியே நான். ஒக்காந்து அழுவ எனக்கு ஒரு எடம் வேணுமுல்ல?"

 நானும் கூடவே உட்கார்ந்தேன்.  பிறகு அவரே கேட்டார், "மணல எடுத்தா மேல இருக்கற வளைவு உழுந்துடுமா?"

"உழுந்தாலும் உழும் மாமா. உழுந்தா திரும்பக் கட்டலாம். எடுக்காட்டி என்னைக்கும் மண்ணுதான்."

அவர் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே திரும்பி, அடுப்பின் வாய்க்குள் கையை விட்டார். முதல் பிடி மணல் அவர் கையால் வந்தது. நான் சட்டியில் வாங்கினேன். தோள்வரை உள்ளே போய் வாரினார். உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம். ஆண்டாயி தெருவரை ஓடிவிட்டாள். மறுக்காதே ஆண்டாயி, ஊரே பார்த்தது. கொஞ்சம் சேறுதான் உதிர்ந்தது. வளைவு அசையவில்லை. கடைசி மணலையும் வழித்துவிட்டு மாமா தலையை உள்ளே நீட்டி, "தம்பி" என்றார். அடுப்பு அந்தக் குரலைத் திருப்பிக் கொடுத்தது. அழுதுகொண்டிருந்த மனிதர் சிரித்துவிட்டார்.

பெரியோர்களே, தாய்மார்களே, எது அடுப்பு? செங்கல்லா? சேறா? உள்ளே இருக்கும் வெற்றிடம்தான் அடுப்பு. மணல் தாங்கியதால் வளைவு எழுந்தது, மணல் போனதால் நெருப்பு நுழைந்தது. துக்கம் என்னையும் தாங்கியது. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதையே அடைத்து வைத்துக்கொண்டிருந்தால், எந்த நெருப்பு உள்ளே வரும்? எந்த மாவு வேகும்? எந்த வயிறு நிறையும்?

சின்னச் சின்னத் தீயாக மூட்டி ஈரத்தை ஓட்டினோம். முதல் முறை போட்ட பன் கரியானது. அதையும் மாமா கரியைச் சுரண்டிவிட்டுத் தின்று தீர்த்தார்.

இன்று காலை கருவேல விறகு போட்டுத் தணலை ஒதுக்கியாயிற்று. தட்டு உள்ளே இருக்கிறது. வாசனை வருகிறதா? வருகிறது என்றால் நான் நிறுத்த வேண்டிய நேரம்.

தலைவி அவர்களுக்கும், சேறு குழைத்த கைகளுக்கும், அடுப்புக்கு மாலை போட்ட அன்புக்கும் நன்றி. மாமா, துண்டை எடுங்கள். அதைக் கையில் சுற்றிக்கொண்டு நீங்களே போய் முதல் தட்டை வெளியே இழுங்கள். மற்றவர்கள் வரிசையாக வாருங்கள், சுடும், ஊதித் தின்னுங்கள். வணக்கம்.