எட்டு கிலோமீட்டர் மிச்சம்

கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர், பெட்ரோல் குறைந்து அந்த மஞ்சள் விளக்கு எரிந்ததும் பதறிவிடுவார்கள். பங்க் எங்கே, பங்க் எங்கே என்று அலைவார்கள். எனக்கு அந்தப் பயமே கிடையாது. இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் லாரி ஓட்டியவன். விளக்கு எரிந்த பிறகு எந்த வண்டி எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியும். அதனால், பெட்ரோல் தீர்ந்ததைக் கவனிக்கவில்லை என்று நான் முதலில் சொன்னதை நீங்கள் நம்பாததில் வருத்தமில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

யுவராணி எனக்கு ஒரே மகள். ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போன இடத்தில் காளிராஜ் என்ற பையனைப் பிடித்துப்போய், இரண்டு வருடத்துக்கு முன்னால் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையன் வேறு ஆட்கள். குணத்தில் குறை சொல்ல மாட்டேன், என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பான். ஆனால் அந்த வருடம் குலசாமி கோயில் பொங்கலில் என் வீட்டுப் பானைக்கு இடம் தரவில்லை. பங்காளிகளின் பானைகள் எல்லாம் வரிசையாகப் பொங்குகின்றன. நானும் என் மனைவி அங்காளம்மாளும் வெறும் பானையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தோம். அந்த அவமானம் எனக்குச் செரிக்கவே இல்லை.

யுவராணி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் என் பெரியப்பா மகன் சங்கிலிப்பாண்டி அண்ணன் வந்தார். அவர் பேச்சுக்கு எங்கள் வகையறாவில் மறுபேச்சு கிடையாது.

“ஏலே பாண்டி, அவளும் அவ புள்ளயும் ஒனக்கு உண்டுன்னா, சென்மத்துக்கும் ஒனக்குப் பான கெடையாது. நீயே பாத்துக்க” என்றார்.

பார்த்துக்கொள்ளத்தான் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. அவரை இதில் சேர்க்க வேண்டாம்.

ஏழாம் மாதம் நானே ராஜபாளையம் போனேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே. வளைகாப்பு போட்டுப் பெண்ணை அழைத்து வருவது முறை. எந்த மாப்பிள்ளை வீட்டிலும் அதை மறுக்க மாட்டார்கள். காளிராஜின் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. யுவராணி வழி முழுக்க என் கையை விடவேயில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவளை அழைத்து வந்தது ஏன் என்று பங்காளிகள் ஒருவரும் கேட்கவில்லை.

பிளவக்கல் பக்கம் எங்கள் தோப்பு வீடு. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, ரத்தம் கண்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று என்னிடம்தான் சொன்னார்.

மறுநாள், மஞ்சள் விளக்கு எரிந்த பிறகு பெட்ரோல் தீரும்வரை காரை ஓட்டிப் பார்த்தேன். நாற்பத்தோரு கிலோமீட்டர். மறுபடி கொஞ்சம் போட்டு, விளக்கு எரிந்ததும் முப்பத்து மூன்று ஓட்டி, கொட்டகையில் நிறுத்திவிட்டேன். எட்டு மிச்சம். தோப்புகள் வழியாகப் போகிற குறுக்குச் சாலையில், எட்டாவது கிலோமீட்டரில் வீடும் இல்லை, போன் சிக்னலும் இல்லை. அதற்குப் பிறகு எல்லா வேலைக்கும் பைக்கில்தான் போனேன்.

ஒன்பதாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரத்தம் கண்டது. அங்காளம்மாள் 108-ஐக் கூப்பிடப் போனாள்.

“அவிய வந்து சேர ஒரு மணி நேரம் ஆவும். நம்ம வண்டி நிக்குல்ல?” என்றேன்.

இருவரும் பின் சீட்டில் ஏறினார்கள். வண்டி நான் நினைத்ததைவிட முந்நூறு மீட்டர் கூடுதலாக ஓடி நின்றது. இறங்கி பானெட்டைத் திறந்து பார்த்தேன்; எதற்கென்று எனக்கே தெரியவில்லை. பிறகு டிக்கியில் கிடந்த காலி கேனை எடுத்தேன். சிக்னல் கிடைக்கிற இடத்தில் பேசுகிறேன் என்று அவர்கள் இருவரின் போனையும் வாங்கிக்கொண்டேன்.

“அப்பா, பயமா இருக்குப்பா. சீக்கிரம் வந்துருவீங்கல்ல?” என்றாள் யுவராணி.

“செத்த நேரந்தான் தாயி. கண்ண மூடிப் படு.”

பங்க் ஐந்து கிலோமீட்டர். ஓடவில்லை, நடந்தேன். வத்திராயிருப்புச் சாலையில் ஏறியதும் பக்கத்துத் தோப்பு கருத்தப்பாண்டி பைக்கை நிறுத்தி, “ஏறுங்க மாமா, எங்க போறிய?” என்று கேட்டது உண்மைதான். “டாக்டரு நடக்கச் சொல்லிருக்காருப்பா, நீ போ” என்று அனுப்பிவிட்டேன். கேனை நிரப்பிக்கொண்டு, பங்க் வாசலில் இருக்கும் கடையில் உட்கார்ந்து டீ குடித்தேன். கேமராவில் தெரிவது நான்தான். இரண்டாவது டீ வாங்கியதும் நான்தான்.

திரும்பி வந்தபோது நாலேகால் மணி. யுவராணியின் தலை அம்மா மடியில் இருந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது. வயிற்றிலும் அசைவில்லை. அங்காளம்மாள் கேனைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு இன்றுவரை என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பெட்ரோல் ஊற்றியதும் வண்டி உடனே கிளம்பியது.

அடக்கத்துக்குப் பங்காளிகள் எல்லோரும் வந்தார்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகு என் வாசலில் செருப்பு நிறைந்து கிடந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மறைக்க மாட்டேன்.

ஆமாம், யுவராணியையும் அவள் வயிற்றுப் பிள்ளையையும் கொன்றது நான்தான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். அதற்கு முன்னால் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். மகளை அரிவாளால் வெட்டினவன்களோடு என்னையும் சேர்த்து ஊரில் பேசுகிறார்களாம். பிறந்த நாளிலிருந்து என் பிள்ளை மேல் நான் ஒரு தடவைகூடக் கை ஓங்கியதில்லை, ஐயா.