கான்ட்ராக்டர் சொன்ன வாஸ்து

மைசூர் டவுன் பஸ்ஸில் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். இதே ரோட்டில் டாங்காவில் போன காலமும் உண்டு. அந்தக் குதிரைக்கும் ஒரு கண் தெரியாது. அது கிடக்கட்டும். முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"நம்ம கான்ட்ராக்டருக்கு வாஸ்துகூடத் தெரியுது கீதா."

"அத்தை ரூம் சுவத்துல விட்ட விரிசலைப் பாக்கத்தானே கூப்பிட்டீங்க?"

"பாத்தாரு. 'வெறும் பூச்சுதான் சார் வெடிச்சிருக்கு, பயப்படாதீங்க'ன்னாரு. போறப்ப, 'அம்மா கட்டில் இந்த ரூம்ல இருக்கிறது வாஸ்துக்கு ஆகாது, இன்னிக்கே ஹாலுக்கு மாத்திடுங்க'ன்னாரு."

"மாத்தினீங்களா?"

"ஞாயித்துக்கிழமை மாத்திக்கலாம்னு விட்டுட்டேன்."

"ஏங்க, கட்டுறப்ப அடுப்பை அக்னி மூலையில வைங்கன்னு நான் கெஞ்சினேன். 'நான் லைசன்ஸ் எடுத்தவன், எங்கிட்ட வாஸ்து பேசாதீங்கம்மா'ன்னு சிரிச்சாரே, அதே ஆளுதானே?"

"ஹௌது, ஆமா, அவரேதான்."

"அப்ப இன்னிக்கு மட்டும் அவருக்கு எதுக்குங்க வாஸ்து?"

அவர் போனை எடுத்தார். இரண்டு தடவை தப்பாக அமுக்கினார்.

"அம்மா, படுத்திருக்கியா? எந்திரி. செருப்பு தேடாத, வெறுங்காலோட தெருவுக்கு வா."