பத்தரை மணி விசில்

இக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், பேசுகிறவனை மணி அடித்து உட்காரவைக்காத பெருந்தன்மைக்குப் பேர்போன ஐயா பன்னீர்செல்வம் அவர்களே! எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்தோடு இரக்கத்தையும் சேர்த்துச் சொல்லித்தரும் தலைமையாசிரியை அம்மா அவர்களே! முத்தாண்டிக்குப்பத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்து எங்கள் பிள்ளைகளை ஓடவைக்கும் உடற்கல்வி ஆசிரியை அம்சவல்லி அவர்களே! பணி ஓய்வு பெற்ற பின்னும் இந்தப் பள்ளியின் படியை மறவாத பெரியோர்களே! பகலில் குக்கர் விசில் போட்டுவிடுமோ என்று பதறிப் பதறிச் சமைக்கும் தாய்மார்களே! முதல் ஷிப்டுக்கு லீவு போட்டு வந்திருக்கும் தோழர்களே! நைட் ஷிப்ட் முடித்து, கண் எரிய, கால் கடுக்க, வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருக்கும் என் கூட்டாளிகளே! முன்வரிசையில் செம்மண்ணில் சம்மணம் போட்டிருக்கும் சின்னஞ்சிறு செல்வங்களே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்தச் சோமசுந்தரத்தின், தூக்கக் கலக்கம் உள்ள, ஆனால் கலப்படம் இல்லாத வணக்கம்!

கைதட்டியதற்கு நன்றி. கொஞ்சம் மெதுவாகத் தட்டுங்கள். அதோ, கடைசி வரிசை ஓரத்தில் அண்ணன் மருதமுத்து நாற்காலியிலேயே தலையைச் சாய்த்துவிட்டார். விடிய விடிய சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கத்தில் நின்றவர். தூங்கட்டும். தூங்குகிறவரை எழுப்பக் கூடாது என்பது நம் குவார்ட்டர்ஸின் எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தைப் பற்றித்தான் நான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இந்தக் கூட்டம் எதற்காக? ஒரு மனுவுக்காக. காலை பத்தரை மணி பி.டி. பீரியடை அடியோடு நிறுத்த வேண்டும், அந்த நேரத்தில் பிள்ளைகளை வகுப்பிலேயே உட்காரவைத்து வாய்ப்பாடு எழுதவைக்க வேண்டும் என்று கேட்கும் மனு. கவனியுங்கள், எழுதவைக்க வேண்டும், சொல்லவைக்கக் கூடாது! ஏனென்றால் வாய்ப்பாட்டிலும் சத்தம் இருக்கிறது அல்லவா? கீழே நாற்பத்தொரு கையெழுத்து. நிறுத்துவதா, தொடர்வதா என்று நீங்கள் இன்று கை உயர்த்திச் சொல்லப் போகிறீர்கள்.

அந்த மனுவை எழுதிய மகானுபாவர் யார்? பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்காதீர்கள் அம்மா. மேடையைப் பாருங்கள். நான்தான் எழுதினேன். "காலை பத்தரைக்குக் காதைக் கிழிக்கும் விசிலும், கட்டுக்கடங்காத கூச்சலும், களைத்து வந்து கண்ணயரும் தொழிலாளியைக் கலங்கடிக்கின்றன" என்று, சங்க மேடையில் பேசிப் பழகிய திமிரில், எதுகை மோனை பார்த்துப் பார்த்து எழுதினேன். முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவது, அதோ உறங்கும் அண்ணன் மருதமுத்துவுடையது.

நான் எழுதியது பொய்யா? பொய் இல்லை. நம் வீடுகளுக்கும் இந்த மைதானத்துக்கும் நடுவே ஒரு சுவரும் இரண்டு தூங்குமூஞ்சி மரங்களும்தான். இரண்டு நாள் சரியாகத் தூங்காதவன் ஓடுகிற இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பது இங்கே இருக்கும் எல்லாருக்கும் தெரியும். அதனால் முடிவு தெரியும்வரை ஓர் ஏற்பாடு செய்தார் தலைமையாசிரியை அம்மா. பி.டி. பீரியட் இருக்கும், விசில் இருக்காது. விளையாட்டு இருக்கும், கூச்சல் இருக்காது. அம்சவல்லி டீச்சர் விசிலைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ஒரு சிவப்புக் கைக்குட்டையை எடுத்தார். கைக்குட்டை மேலே போனால் ஓட வேண்டும். கீழே வந்தால் நிற்க வேண்டும். ஆறு மாதம் இந்த மைதானத்தில் நம் பிள்ளைகள் ஊமைப்படம் போல ஓடினார்கள்.

நான் தூங்கினேனா? தூங்கினேன் ஐயா. நன்றாகத் தூங்கினேன். அதை மறைக்க மாட்டேன்.

அந்தத் தூக்கத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். நைட் ஷிப்ட்காரன் தூக்கம் தனி உலகம். காலை எட்டு மணிக்கு ஜன்னலில் போர்வையை மாட்டுகிறோம். பகலுக்கு நடுவே ஒரு சின்ன இருட்டைச் செய்துகொள்கிறோம். மின்விசிறி சுற்றுகிறது. போர்வையின் ஓட்டை வழியே ஒரு வெளிச்சப் புள்ளி சுவரில் மெல்ல ஊர்கிறது. உடம்பு மிதக்கிறது, மனம் மிதக்கிறது, தெருவில் கீரைக்காரம்மா குரல் எங்கோ வேறு ஊரில் கேட்கிறது. ஆகா, அது என்ன சுகம்! ஆனால் அந்தச் சின்ன இருட்டுக்கு வெளியே, கூடத்தில், நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? யாராவது எழுந்து போய்ப் பார்த்திருக்கிறோமா? லீவு நாளில் டம்ளரை வைக்கும்போது கீழே துண்டை விரித்து வைக்கிறார்கள். டிவியில் படம் ஓடும், குரல் ஓடாது. தும்மல் வந்தால் புழக்கடைக்கு ஓடிப்போய்த் தும்முகிறார்கள். என் மனைவி புவனா, திருநெல்வேலிக்காரி, ஊரில் அவள் குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும். இங்கே வந்து அவள் அதிகம் சொன்ன சொல் எது தெரியுமா? "ஷ்ஷ்! அப்பா நைட் ஷிப்ட்டு!"

சிரிக்கிறீர்கள் தாய்மார்களே. உங்கள் வீட்டிலும் அதே சொல்தானே?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பதினைந்து நாளுக்கு முன் டவுன்ஷிப்பின் தொடக்கப்பள்ளிகளுக்கெல்லாம் சேர்த்துப் பெரிய மைதானத்தில் ஓட்டப்பந்தயம் நடந்தது. நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகள் அருள்மொழி நூறு மீட்டரில் ஓடுகிறாள். "அப்பா, நீங்க வருவீங்களாப்பா?" என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வராமல் இருப்பேனா? நைட் ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் மைதானத்துக்கு நடந்தேன். பந்தயம் முடியும் கோட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மரம். நல்ல நிழல். மகள் ஜெயித்து வரும்போது முதல் ஆளாகத் தூக்கிக்கொள்ளலாம் என்று அங்கே உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததுதான் எனக்குத் தெரியும்.

கண் விழித்தபோது சுற்றிலும் ஒரே சிரிப்பு. பந்தயம் முடிந்திருந்தது. என் மகள் ஐந்தாவது. ஓடியதே ஆறு பேர்.

நடந்ததை நான் செல்போனில்தான் பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள், பெற்றோர் குரூப்பில் வந்ததே அந்த வீடியோ! வரிசையாகச் சிரிக்கிற பொம்மை போட்டீர்களே! குற்றமாகச் சொல்லவில்லை, நானும் முதலில் சிரித்தேன். எல்லாருக்கும் முன்னால், நான்கு பாய்ச்சல் முன்னால், என் மகள் வருகிறாள். இன்னும் பத்தடி. கோட்டோரத்தில், வாயைப் பிளந்துகொண்டு, காலை நீட்டிக்கொண்டு அப்பன் உறங்குகிறான். அதைப் பார்த்தாள். நின்றாள். நுனிக்காலில் நின்றாள்! உதட்டில் விரலை வைத்தாள். திரும்பி, பின்னால் ஓடிவருகிறவர்களைப் பார்த்து 'மெல்ல, மெல்ல' என்று கையை அசைத்தாள். மற்ற பள்ளிக் குழந்தைகள் நான்கு பேரும் அவளைத் தாண்டிக் கோட்டைத் தொட்டுவிட்டார்கள். பின்னால் வந்த இன்னொரு குழந்தை மட்டும் சட்டென்று நின்று, இவளைப் போலவே நுனிக்காலில் நடந்து வந்தாள். அவள் எந்தப் பள்ளி? நம் பள்ளிதான். வேறு எந்தப் பள்ளிக் குழந்தைக்கு அந்தச் சைகை புரியும்?

முதல் முறை பார்த்துச் சிரித்தேன். இரண்டாம் முறை, ஓரத்தில் நின்ற நம் பிள்ளைகளைப் பார்த்தேன். மற்ற பள்ளிகள் தொண்டை கிழியக் கத்துகின்றன. நம் பிள்ளைகள் கை தட்டுகிறார்கள், ஆனால் உள்ளங்கை உள்ளங்கையைத் தொடவில்லை. காற்றில் தட்டுகிறார்கள். மூன்றாம் முறை என்னால் சிரிக்க முடியவில்லை.

அன்று மைதானத்திலேயே, வீடியோவைப் பார்த்த கையோடு, அம்சவல்லி டீச்சரிடம் கேட்டேன்: "என்ன டீச்சர், பிள்ளைங்க ஒரு சத்தமும் இல்லாம நிக்குதுங்க?" அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "நானும் காலையிலேருந்து சொல்லிக்கினே இருக்கறேன் சார், இங்க கத்தலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு. வாயத் தெறக்குதுங்க, சத்தம் வர்ல. வூட்லயும் கூடாது, ஸ்கூல்லயும் கூடாதுன்னா அதுங்க எங்கதாங்க போயிக் கத்தும்?" கோபமாகச் சொல்லவில்லை. கைக்குட்டையை மடித்துக்கொண்டே சொன்னார்.

வீட்டுக்கு வந்து மகளைக் கேட்டேன். "ஏன்டா கண்ணு நின்ன? ஓடியிருந்தா ஃபர்ஸ்ட்டு இல்ல?" அவள் என்ன சொன்னாள்? அழுதாளா? கோபித்துக்கொண்டாளா? என் காதுக்குப் பக்கத்தில் வந்து, வழக்கமான ரகசியக் குரலில் சொன்னாள்: "நீங்க தூங்கிட்டு இருந்தீங்கல்லப்பா."

அவ்வளவுதான் சபையோரே. அதற்கு மேல் அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று பகல் படுத்தேன். ஒரு கனவு வந்தது. நம் சுரங்கத்தின் பெரும் பள்ளம். ஆனால் கரியைக் காணோம். அடிமட்டம் முழுக்க ஈரப் பச்சைப் புல். மேலே மேகம் தரையைத் தொட்டுத் தொட்டுப் போகிறது. நீண்டு நீண்டு போகும் கன்வேயர் பெல்ட்டின் மேல் இந்தப் பள்ளியின் பிள்ளைகள் ஓடுகிறார்கள். நீலச் சீருடை, செம்மண் ஒட்டிய பாதங்கள், காலடிச் சத்தமே இல்லை. பெல்ட் ஓடுகிறது, அதிலும் ஓசை இல்லை. எல்லாருக்கும் முன்னால் என் அருள்மொழி, காற்றில் மிதக்கும் முந்திரிப் பூப்போல. நான் மேட்டில் நின்று "ஓடு தாயி, ஓடு!" என்று கத்துகிறேன். என் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. மறுபடி கத்துகிறேன். வரவில்லை. பக்கத்தில் யாரோ உதட்டில் விரல் வைத்து "ஷ்ஷ்" என்கிறார். யாரடா அவன் என்று திரும்பிப் பார்க்கிறேன். பூட்ஸைக் கழற்றாமல் நிற்கிறான், என் முகம் அவனுக்கு. விழித்துக்கொண்டேன். அப்புறம் தூக்கம் வரவில்லை.

என்ன தம்பி செங்குட்டுவன்? சத்தமாகக் கேளுங்கள், இன்று சத்தம் போடலாம். "கடைசிப் பீரியடுக்கு மாத்திட்டா ரெண்டு பேருக்கும் நல்லதுதானே?" நியாயமான கேள்வி. அதையும் விசாரித்தேன் தம்பி. டீச்சர் கான்ட்ராக்டில் மூன்று பள்ளிக்கு ஒரே ஆள். பதினொன்றேகாலுக்கு இங்கிருந்து கிளம்பினால்தான் அடுத்த பள்ளி. பத்தரை போனால் நமக்குப் பி.டி. போனது போனதுதான்.

அப்படியானால் நம் தூக்கம்? அதற்கும் பதில் கொண்டுவந்திருக்கிறேன். இதோ, சட்டைப்பையில் இருக்கிறது. தெரிகிறதா? மஞ்சள் நிறம், சுண்டுவிரல் நுனியளவு. இயர் பிளக்! சுரங்கத்தில் நம் காதைக் காப்பாற்றக் கொடுத்தது. இயந்திரம் அலறும்போது செருகிக்கொள்கிறோம், ஷிப்ட் முடிந்தால் கழற்றிப் பையில் போடுகிறோம். மனு எழுதிய அன்றும் இது என் தலைமாட்டில் தொங்கிய சட்டையிலேயே இருந்தது. இதை எடுத்துக் காதில் செருக எனக்குத் தோன்றவில்லை. பேனாவை எடுத்து மனு எழுதத்தான் தோன்றியது! இரும்பின் சத்தத்துக்கு என் காதை மூடத் தெரிந்தது. பிள்ளைகளின் சத்தத்துக்கு அவர்கள் வாயை மூடினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் மைக்கில் சொல்கிறேன்.

தலைவர் அவர்களே, அந்த மனுவை இப்படிக் கொடுங்கள். முதல் பெயர், சோமசுந்தரம். இதோ, அடித்துவிட்டேன். மற்ற நாற்பது பேரை நான் வற்புறுத்த மாட்டேன்; உங்கள் உடம்பு, உங்கள் களைப்பு எனக்குத் தெரியும். ஒன்றை மட்டும் கேட்கிறேன். ஓட ஒரு மைதானம், கத்த ஒரு முக்கால் மணி நேரம், இதைக்கூடக் கொடுக்காமல் நாம் யாருக்காக ராவும் பகலும் உழைக்கிறோம்? அம்சவல்லி டீச்சர், விசில் கைப்பையில்தானே இருக்கிறது? கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள் அம்மா. திங்கட்கிழமை பத்தரைக்கு அந்த முதல் விசிலை விழித்திருந்து கேட்பேன். கேட்டுவிட்டு, இதைக் காதில் செருகி, திரும்பிப் படுத்து நிம்மதியாகத் தூங்குவேன்.

நன்றி சொல்லி முடிக்க வேண்டும். ஆனால் என் சார்பில் அந்த நன்றியை என் மகள் சொல்லட்டும். அருள்மொழி, எழுந்து நில்லும்மா. மைக் வேண்டாம். அங்கிருந்தே சொல். ... என்ன? கேட்கவில்லையே கண்ணு. ... உதடு அசைகிறது, எனக்குத் தெரிகிறது. அப்பா தூங்கவில்லை பார், கண்ணைத் திறந்துகொண்டு இங்கே நிற்கிறேன். இன்னும் கொஞ்சம். ... கடைசி வரிசைவரை போக வேண்டும். மூச்சை நன்றாக இழு. ... ம்!

கேட்டீர்களா! கேட்டீர்களா ஐயா! தூங்குமூஞ்சி மரத்துக் காக்கையெல்லாம் பறக்கிறது! அதோ பாருங்கள், அண்ணன் மருதமுத்து துள்ளி எழுந்துவிட்டார். என்னண்ணே? "யாரு புள்ளைப்பா அது, இந்தக் கத்து கத்துது?" என்கிறார்.

என் பிள்ளை, அண்ணே! என் பிள்ளை!

என்ன சொல்கிறார்? சற்று அமைதி... "எம்பேரையும் அடிச்சிடுப்பா" என்கிறார்! அடித்துவிட்டேன் அண்ணே, அடித்துவிட்டேன். இனி நீங்கள் தாராளமாகத் தூங்கலாம்.

நன்றியை என் மகள் சொல்லிவிட்டாள். எனக்கு மிச்சம் இருப்பது வணக்கம் மட்டும்தான். வணக்கம்!